டெமொக்சிபன் 20: தலவாக்கலைத் தையல்காரியின் விமர்சனம்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்பகப் புற்றுநோய் திரும்பி வராமல் இருக்க நான் குடிக்கிற இந்த டெமொக்சிபன் குளிசைக்கு ஐந்துக்கு நாலு. அதை எழுதித் தரும் கண்டி புற்றுநோய் கிளினிக்குக்கு நாலரை; அரைப் புள்ளி வெட்டினது வாங்கில் உட்கார்ந்து கழித்த காலைகளுக்காக. நடுவில் காசு கட்டி எடுத்த ஒரு தனியார் ஸ்கேனுக்கு ஒன்று. அந்த ஒன்றும் கழிவறை சுத்தமாக இருந்ததற்கு.

ரைஸ் குக்கர் வாங்கினவர்கள் எல்லாம் பந்தி பந்தியாக விமர்சனம் எழுதுகிறார்கள். வருஷக் கணக்கில் தினமும் தொண்டைக்குள் இறக்குகிற சாமானைப் பற்றி ஒருத்தியாவது எழுத வேண்டாமா? தலவாக்கலை பஜாரில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். அளவெடுக்கத் திரையை இழுத்து மூடினால் பெண்கள் மனசையும் திறப்பார்கள். மார்பு எடுத்தவர்களுக்கு ஒரு பக்கம் பஞ்சு வைத்து உள்பாடி தைத்துத் தருகிறேன் என்று தெரிந்த பிறகு லிந்துலையில் இருந்தும் கொட்டகலையில் இருந்தும் வருகிறார்கள். எனக்கும் அதே நோய், அதே குளிசை என்று தெரிந்தால் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அக்கா, இது கர்ப்பப்பையில புத்துநோயைக் கொண்டாந்திடுமாமே, நெசமா?"

நிஜம்தான். ஆனால் முழு நிஜத்தைக் கேட்டுவிட்டுப் பயப்படுங்கள்.

எல்லா மார்பகப் புற்றுநோய்க்கும் இந்தக் குளிசை இல்லை. வெட்டியெடுத்த கட்டியைப் பரிசோதித்து, ஈஸ்ட்ரஜன் ஹோமோனைப் பிடித்து வளர்கிற வகை என்று தெரிந்தால்தான் தருவார்கள். மார்பில் அந்த ஹோமோன் போய் ஒட்டும் இடத்தை இது அடைத்துக்கொள்கிறது. வினை என்னவென்றால், கர்ப்பப்பைக்குள் போனதும் இதே குளிசை கட்சி மாறி, ஈஸ்ட்ரஜன் செய்கிற வேலையைக் கொஞ்சம் தானே செய்கிறது. அதனால் உள்சவ்வு தடிக்கலாம், பொலிப் என்கிற சதை வளரலாம், சிலருக்கு அங்கேயே புற்றுநோயும் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1996இலேயே இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. மற்ற மார்பில் நோய் வருவதைக் குறைக்கிறது என்றும் அதே கையோடு எழுதியது. அதே நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இது இருக்கிறது. இரண்டும் ஒரே குளிசைதான்.

இனி எண்கள். என் மகள் இங்கிலீஷ் கட்டுரைகளை வாசித்து, நான் காஜா எடுக்கும்போது பக்கத்தில் இருந்து சொன்னவை. அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனை ஒன்றின் முடிவு 1998இல் வந்தது. மருந்தே இல்லாத வெறும் குளிசை குடித்த 1,000 பெண்களில் வருஷத்துக்கு 0.91 பேருக்குக் கர்ப்பப்பை உள்சவ்வில் புற்றுநோய். டெமொக்சிபன் குடித்தவர்களில் 2.30 பேருக்கு. கூடின பங்கு 50 வயதைத் தாண்டியவர்களிடம்தான். மாதவிடாய் இன்னும் நிற்காதவர்களுக்கு இந்த ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை. மறு பக்கம், பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2011இல் லான்செட் இதழில் வந்த கணக்கு: ஐந்து வருஷம் ஒழுங்காகக் குடித்தால் முதல் 15 வருஷத்தில் மார்பகப் புற்றுநோயால் சாகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைகிறார்கள். நான் வியாபாரி. வருஷத்துக்கு ஆயிரத்தில் ஒன்றரைக்கும் குறைவான கூடுதல் ஒரு தட்டில், மூன்றில் ஒரு பங்கு மறு தட்டில் என்றால் எது கனம் என்று தெரியும்.

ஐந்து வருஷத்தோடு நிறுத்தாமல் பத்து வருஷம் குடிப்பவர்களுக்குக் கணக்கு மாறும். 2013இல் வந்த அட்லஸ் என்ற ஆய்வில், பத்து வருஷம் தொடர்ந்தவர்களில் 100க்கு 3.1 பேருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரும் என்று கணக்கிட்டார்கள். ஐந்தில் நிறுத்தியவர்களில் 1.6. மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் தொடர்ந்தவர்களில்தான் குறைவு. "இன்னும் அஞ்சு வருஷம் போடு" என்று டொக்டர் சொன்னால், இந்த எண்களைக் காட்டி உங்களுக்கு எப்படி என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற டொக்டரை நான் அங்கே பார்க்கவில்லை.

ஏன் ஒரு புள்ளி குறைத்தேன்? முதலாவது, சூடு. தலவாக்கலையில் மார்கழி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டில் எல்லாரும் குல்லாவும் ஸ்வெட்டருமாக ஒரே கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, நான் ஜன்னலைத் திறந்து வைத்து நைட்டி நனைய நனைய உட்கார்ந்திருப்பேன். "பைத்தியமா ஒனக்கு, பனி உள்ளுக்கு வருது பாரு" என்று கணவர் கத்துவார். இரண்டாவது, வெள்ளைப்படுதல். தண்ணீராக வரும், நாற்றமோ அரிப்போ இருக்காது. இந்தக் குளிசைக்கு அது சகஜம். பழைய மல் சீலையை நாலாக மடித்துத் தைத்து வைத்திருக்கிறேன், கடையில் வாங்குகிற பேடை விட அதுதான் உறுத்தாது. நிறம் பிரவுனாக, இளஞ்சிவப்பாக மாறினால் அது வேறு கதை, கீழே வருகிறேன். மூன்றாவது, உறவு வைக்கும்போது எரிச்சல். இதைத் திரைக்குப் பின்னால்கூட மெதுவாகத்தான் கேட்பார்கள். எண்ணெய் இல்லாமல் தண்ணீரால் செய்த வழுக்கு ஜெல் பார்மசியில் கிடைக்கும், அது போதும். உள்ளே பூசுகிற ஹோமோன் கிரீம் யார் கொடுத்தாலும், புற்றுநோய் டொக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

சூட்டுக்கும் தூக்கத்துக்கும் என்று வேறு இடத்தில் குளிசை வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். டெமொக்சிபன் ஈரலுக்குள் போய் உருமாறின பிறகுதான் முழுசாக வேலை செய்யும். மனச்சோர்வுக்குத் தரும் ஃபுளுஒக்செடின், பரொக்செடின் இரண்டும் அந்த மாற்றத்தைத் தடுக்கும். வென்லபெக்சின் என்ற மருந்து அந்த அளவுக்குத் தடுக்காது, சூட்டையும் தணிக்கும்; எனக்கு எழுதினது அதுதான். எந்த டொக்டரிடம் போனாலும் டெமொக்சிபன் அட்டையைக் கையில் கொண்டுபோங்கள், வாயால் சொன்னால் ஏதோ விட்டமின் என்று நினைக்கிறார்கள்.

இளம் பெண்களுக்கு இன்னொன்று. இங்கிலாந்தில் 1962இல் டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண் விஞ்ஞானி இதை முதன்முதலில் செய்தபோது அவர்கள் தேடிக்கொண்டிருந்தது பிள்ளை தங்காமல் இருக்க ஒரு மருந்து. பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தால் தலைகீழ், முட்டை வெளிவருவதைத் தூண்டிவிட்டது. ஆகவே மாதம் தவறி வந்தாலும், வராமலே இருந்தாலும், பிள்ளை தங்காது என்று இருந்துவிடாதீர்கள். குளிசை குடிக்கும்போது தங்கினால் கருவுக்குக் கேடு. அதற்காக மித்துரி என்கிற கர்ப்பத்தடைக் குளிசையோ, மூன்று மாத ஊசியோ, கையில் வைக்கிற குச்சியோ வேண்டாம், எல்லாம் ஹோமோன். செப்பு லூப் அல்லது ஆணுறை. மருத்துவமாது வீட்டுக்கு வரும்போது மார்பகப் புற்றுநோய் என்ற விஷயத்தை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். இதில் வெட்கம் செல்லாது.

இப்போது ஸ்கேன் கதை. எனக்கு நோய் வந்தபோது மாதவிடாய் வந்துகொண்டிருந்தது. கீமோ என்கிற ஊசி மருந்து ஏற்றின பிறகு நின்றது, பிறகு வரவே இல்லை. எந்தக் குறையும் இல்லாமல் இருந்த ஒரு நாளில், டவுனில் ஒரு இடத்தில் 'பெண்கள் முழு உடல் பரிசோதனை' என்று போர்ட் போட்டிருந்தார்கள். மதினி பிடித்த பிடியில் போனேன். பெயர் போடப் போவதில்லை, ஊரும் சொல்லப் போவதில்லை. என்ன குளிசை பாவிக்கிறீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஜெல் பூசி, உருட்டி, முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "உள்சவ்வு பதினாலு மில்லிமீட்டர். இந்த வயசில நாலுக்கு மேல இருக்கக் கூடாது. பேசாம கர்ப்பப்பையை எடுத்திடுங்க." எங்கே எடுக்கலாம் என்று ஒரு துண்டில் எழுதியும் தந்தார். மதினி பஸ்ஸிலேயே அழ ஆரம்பித்துவிட்டா.

அந்த ரிப்போட்டைத் தூக்கிக்கொண்டு கண்டிக்குப் போனேன். ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று விடியற்காலை பஸ்ஸில் தூங்கி விழுந்து போய்ச் சேர்ந்தால் வாங்கில் ஏற்கனவே ஆள் நிறைய. என் முறை வந்தபோது டொக்டர் ரிப்போட்டைப் பார்க்கும் முன் கேட்ட ஒரே கேள்வி, ரத்தம் பட்டதா. நான் இல்லை என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சிங்களத்தில் சொன்னதைத் தமிழ் தெரிந்த நர்ஸ் மிஸ்ஸி எனக்குத் திருப்பிச் சொன்னா. நான் அதை என் தொழில் பாஷையில் விளங்கிக்கொண்டேன்: சட்டைக்கு லைனிங் போடுகிறோம் அல்லவா, கர்ப்பப்பைக்கும் உள்ளே அப்படி ஒரு லைனிங். டெமொக்சிபன் குடிக்கிறவர்களுக்குப் பல நேரம் லைனிங் தடிப்பதில்லை, அதற்குப் பின்னால் இருக்கிற துணிதான் நீர் கோத்து உப்புகிறது. ஸ்கேன் இரண்டையும் சேர்த்து அளந்து ஒரே எண்ணாகக் காட்டும். அந்த நாலு மில்லிமீட்டர் என்ற எல்லை, மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டு வருகிறவர்களுக்காக வைத்தது. டெமொக்சிபன் குடித்துக்கொண்டு, ரத்தம் படாமல் இருக்கிறவளை அந்த அளவுகோலால் அளக்கக் கூடாது.

அமெரிக்க மகப்பேற்று, பெண்நோயியல் கல்லூரி 2014இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதையே சொல்கிறது: குறை ஒன்றும் இல்லாதவர்களுக்கு வருஷா வருஷம் ஸ்கேன் எடுப்பதால் பலன் இல்லை, வீண் பயமும் வீண் ஒப்பரேஷனும்தான் கூடும், அசாதாரணமாக ரத்தம் பட்டால் மட்டும் கட்டாயம் ஆராய வேண்டும். அந்த 'முழு உடல்' காசுக்கு இரண்டு ஸாரி பிளவுஸுக்குத் துணி எடுத்திருக்கலாம்.

வெல் வுமன் கிளினிக்கையும் இதோடு போட்டுக் குழப்புகிறார்கள். எம்ஓஎச் என்கிற சுகாதார வைத்திய அதிகாரி ஒபிஸில் 35 வயதிலும் 45 வயதிலும் கூப்பிட்டுப் பார்க்கிறார்களே, அது நல்ல சேவை, காசும் இல்லை, கட்டாயம் போங்கள். ஆனால் அங்கே எடுக்கிற பேப் பரிசோதனை கர்ப்பப்பை வாய்க்கு. உள்சவ்வை அது பார்க்காது. "பேப் நல்லா இருக்குன்னாங்க" என்று சொல்லிக்கொண்டு ரத்தம் படுவதை விட்டுவைக்க அது சாட்டு இல்லை.

பிறகொரு நாள் எனக்கே பட்டது. பெரிதாக ஒன்றும் இல்லை. மல் சீலையில் ஐந்து சத நாணய அளவில் துருப்பிடித்த நிறம். மறுநாள் இல்லை. அதற்கு மறுநாள் திரும்பவும், இந்த முறை சிவப்பு. கடை ஓடர் கொப்பியில், ஒரு பள்ளிக்கூட டீச்சருடைய தோள் அளவுக்கும் கை அளவுக்கும் நடுவில், திகதி, நிறம், எவ்வளவு என்று குறித்து வைத்தேன். கிளினிக்கில் அந்தக் கொப்பியைத்தான் நீட்டினேன். டொக்டர் அதில் இருந்தே தன் துண்டில் எடுத்து எழுதினார். இப்படி எழுதிக்கொண்டு போகிறவர்களுக்கு அங்கே பேச்சு சுருக்கமாக முடியும். 'எப்பவோ கொஞ்சம் பட்டிச்சு' என்றால் அவர்களும் என்னதான் செய்வார்கள்?

இந்த முறை ஸ்கேனுக்குக் காரணம் இருந்தது. பெண்நோயியல் பிரிவுக்கு அனுப்பி, ஹிஸ்டரொஸ்கொபி என்று திகதி போட்டார்கள். பெயர்தான் பெரிசு. வயிற்றில் வெட்டுக் கிடையாது. மெல்லிய கமரா ஒன்றைக் கீழ்வழியாகக் கர்ப்பப்பைக்குள் விட்டு, உப்புத் தண்ணீரால் விரித்துப் பார்ப்பார்கள். நள்ளிரவில் இருந்து தேத்தண்ணி கூடக் கூடாது என்றார்கள். மயக்க டொக்டரிடம் டெமொக்சிபன் என்று சொன்னதும் கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்தார், வீக்கம் உண்டா, மூச்சு வாங்குமா என்று கேட்டார். இந்தக் குளிசை காலில் ரத்தம் உறையவும் வைக்கும், அது கர்ப்பப்பையை விட அவசரமான விஷயம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் காத்திருக்காதீர்கள், 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். கண்டி பஸ்ஸில் நீண்ட நேரம் உட்காருகிற நாளில் நான் பாதத்தை மடக்கி நீட்டிக்கொண்டே போவேன்.

முழித்தபோது முடிந்திருந்தது. அடிவயிற்றில் மாதவிடாய் வலி அளவுக்கு வலி, சில நாள் லேசாக ரத்தம், அவ்வளவுதான். ஒரு பொலிப் இருந்ததாகவும் அதை வெட்டியெடுத்துப் பக்கத்துச் சவ்விலும் சுரண்டி எடுத்ததாகவும் சொன்னார்கள். மிஸ்ஸி அந்தப் போத்தலைக் காட்டினா. மூடியில் என் பெயரும் கட்டில் நம்பரும் ஒட்டியிருந்தது. உள்ளே தெளிந்த மருந்துத் தண்ணீரில் வெளிறின இளஞ்சிவப்பில் ஒரு துண்டு, அடியில் பொடிப் பொடியாகச் சுரண்டல். இவ்வளவுதானா என்றுதான் தோன்றியது. ரிப்போட் வர வாரக்கணக்காகும், அந்த இடைவெளியில் நான் தைத்த சட்டைகளை யாரும் உற்றுப் பார்க்காமல் இருந்தால் நல்லது. வந்தது: சாதாரணப் பொலிப், புற்றுநோய் இல்லை, கெட்ட மாற்றமும் இல்லை. குளிசையைத் தொடரச் சொன்னார்கள். கர்ப்பப்பை அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. ரிப்போட்டில் அணுக்கள் கெட்ட மாதிரி மாறியிருந்தால் அப்போது எடுப்பது பற்றிப் பேசியிருப்போம் என்றார், அதுவும் நியாயம்தான். ஆஸ்பத்திரியில் ஒரு சதம் கட்டவில்லை. இதுவே அந்தத் துண்டில் எழுதியிருந்த இடத்துக்குப் போயிருந்தால் என்ன பில் வந்திருக்கும் என்று மதினிதான் இன்னமும் கணக்குப் போடுகிறா.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, மேல் டிவிஷனில் கொழுந்தெடுக்கிற ஒரு தங்கச்சி சொன்னாள்: "ரெண்டு சொட்டுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு பேர் போயிடும்க்கா. கங்காணி மொகத்தையும் பார்க்கணும்." அவளுக்கு மாதவிடாய் நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் கூலி. அது அவளுக்கு என்ன என்று எனக்குத் தெரியும், என் அம்மாவும் மலைக்குப் போனவ. "பேர் போனா அடுத்த மாசம் எடுக்கலாம் தங்கச்சி. கர்ப்பப்பையில வர்ற புத்துநோய் சீக்கிரம் பிடிச்சா பெரும்பாலும் முழுசா சுகமாகிற நோய். எப்பிடிச் சீக்கிரம் தெரியும்? இந்த ரெண்டு சொட்டாலதான்" என்றேன். அடுத்த கிளினிக்குக்கு என்னோடேயே பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். கங்காணியிடம் பேசினது அவள் புருஷன்.

இதே நோய்க்குத் தருகிற லெட்ரசோல் என்ற இன்னொரு குளிசைக்கு மாறலாமா என்று கேட்கிறவர்களுக்கு: அது கர்ப்பப்பையை இப்படித் தொந்தரவு செய்யாது, மாதவிடாய் நின்றவர்களுக்கு மார்பகப் புற்றுநோயைத் தடுப்பதில் டெமொக்சிபனை விடக் கொஞ்சம் மேல். ஆனால் சூலகம் உண்மையாகவே ஓய்ந்திருக்க வேண்டும். ஊசி மருந்தால் நின்ற மாதவிடாய் திரும்பி வரக்கூடும் என்பதால்தான் எனக்குத் தொடக்கத்தில் அதைத் தரவில்லை. இப்போது ரத்தத்தில் ஹோமோன் பார்த்து, மாறலாம் என்கிறார்கள். அதன் குறை எலும்பு தேய்வதும் மூட்டு வலியும். காலையில் விரல் மடங்காவிட்டால் நான் ஊசியில் நூல் கோப்பது எப்படி? எலும்பு ஸ்கேன் எடுத்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று கேட்டிருக்கிறேன். இந்த ஸ்கேனுக்குக் காரணம் இருக்கிறது.

வாங்குவது பற்றிக் கடைசியாக. கிளினிக்கில் சும்மா கிடைக்கும். 2022இல் நாடே மருந்துக்கு அலைந்தபோது வெளியில் பார்மசியில் வாங்க நேர்ந்தது, கம்பெனியும் பெட்டியும் மாறி மாறி வந்தன. கம்பெனி மாறினால் பதற வேண்டாம், உள்ளே டெமொக்சிபன்தான். ஆனால் அட்டையில் 10 மில்லிகிராம் என்று இருக்கிறதா 20 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 10 என்றால் கிளினிக் கொப்பியில் எழுதின அளவுக்கு எத்தனை குளிசை வரும் என்று பார்மசிக்காரரிடமே கேட்டு, அட்டையின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள்.